பென்சிலில் எழுதிய 143 கல்யாணங்கள்! - வேங்கிக்கால் இசைத்தட்டு தாத்தாவின் 80'ஸ் கலெக்‌ஷன்

நம்ம ஊர்ப் பொக்கிஷம்

"ஊசி சத்தம் கேக்குதாடா?"

"கேக்குது தாத்தா. கர்... கர்...னு வருது."

"அப்ப இன்னொரு தடவ தொடைக்கணும். எனக்குக் கேக்கல பாரு."

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில், வேலூர் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில் இருக்கிறது அந்த வீடு. மொட்டை மாடியில் நின்றால் மலை முழுசாகத் தெரியும். கீழே வடக்குப் பக்க அறையில் சுவர் உயரத்துக்கு மர அலமாரி. அதில் புத்தகம்போல் நிமிர்த்தி வைத்த இசைத்தட்டுகள், மொத்தம் 612. எல்.பி. எனும் பெரிய தட்டு, ஈ.பி. எனும் சின்னத் தட்டு, உடைந்தும் உடையாமலும் சில பழைய 78-கள்.

தாத்தாவுக்கு வயது 68. பெயரைப் போட வேண்டாம் என்பது அவருடைய ஒரே நிபந்தனை. "மைக் செட்காரர்னு போடுங்க, போதும். சுத்துப்பட்டு ஊர்ல அப்படிச் சொன்னாத்தான் தெரியும்."

ஜூன் மாதம் அவரும் மனைவியும் பெங்களூரில் இருக்கும் மகள் வீட்டுக்கே குடிபோகிறார்கள். ஆயாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. இரண்டு பேரையும் தனியாக விட மகளுக்கு மனமில்லை. அங்கே இரண்டு பெட்ரூம் ஃபிளாட். "ஒரு பீரோ வைக்கிற இடம் தரேன்ப்பா. அதுக்கு மேல கேக்காதீங்க" என்று சொல்லிவிட்டார் மகள். அந்த இடத்தில் 150 தட்டு வைக்கலாம். மீதி 460 சொச்சத்தை என்ன செய்வது?

லீவுக்கு வந்திருக்கும் 14 வயதுப் பேரனை வைத்துக்கொண்டு, இரண்டு வாரமாகத் தட்டுகளைப் பிரித்துக்கொண்டிருக்கிறார் தாத்தா. போக வேண்டியது ஒரு பக்கம், இருக்க வேண்டியது ஒரு பக்கம்.

விடியற்காலை நாலரை மணி வேலை

இந்தத் தட்டுகள் எல்லாம் ஆசைக்காக வாங்கியவை இல்லை. தொழிலுக்கு வாங்கியவை.

1970-களில் மாமாவின் மைக் செட்டில் எடுபிடியாகச் சேர்ந்தார். 1979-ல் கடன் வாங்கிச் சொந்தமாக செட் போட்டார். ஒரு அஹூஜா ஆம்ப்ளிஃபையர், இரண்டு குழாய் ஸ்பீக்கர், ஒரு ரெக்கார்டு பிளேயர், ஒரு டிரங்குப் பெட்டி நிறையத் தட்டுகள். செங்கம், போளூர், கலசப்பாக்கம், கீழ்பென்னாத்தூர், தண்டராம்பட்டு என்று கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கோயில் திருவிழா எதையும் விட்டதில்லை.

"கல்யாண வீடுன்னா நாலரைக்கு முதல் தட்டு சுத்தணும். முதல்ல நாதஸ்வரம். அப்புறம் சாமி பாட்டு. ஆறு மணிக்கு மேலதான் சினிமா. சத்தம் கேட்டாத்தான் பக்கத்து ஊர்க்காரன் 'ஓ, இன்னிக்கு அந்த வீட்டுல கல்யாணம்'னு சட்டையைப் போடுவான். பத்திரிகை கொடுக்க மறந்த வீட்டுக்கும் எங்க குழாய்தான் பத்திரிகை."

ஒரு புதுப் படத்தின் தட்டு கைக்கு வந்ததும் அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. அந்தத் தட்டை முதன்முதலாக எந்த ஊர்க் கல்யாணத்தில் போட்டாரோ, அந்த ஊரையும் தேதியையும் உறையின் உள்பக்கத்தில் பென்சிலால் எழுதிவிடுவார். கூடவே ஒரு வரியில் ஏதாவது ஒரு விஷயம்.

'கீழ்பென்னாத்தூர், 25.8.85. மாப்பிள்ளை வீட்டு பஸ் லேட்.'

'கலசப்பாக்கம், 4.6.87. கரன்ட் போச்சு, பாதிப் பாட்டோட நின்னது.'

'தண்டராம்பட்டு, 7.2.88. பாக்கி 60 ரூபாய்.'

"அந்த 60 ரூபாய் வந்ததா தாத்தா?" என்று கேட்கிறான் பேரன்.

"அந்தப் பொண்ணுக்கே பேரப் புள்ள பொறந்தாச்சு. இன்னும் வரலை."

எதற்காக எழுத ஆரம்பித்தார்? தேய்மானத்துக்குக் கணக்கு. தட்டின் மேல் வைர ஊசி ஓட ஓடப் பள்ளம் தேயும். எந்தத் தட்டு எப்போது ஓட ஆரம்பித்தது என்று தெரிந்தால்தான், எப்போது புதுசு வாங்க வேண்டும் என்று தெரியும். கணக்குக்காக எழுதியது, நாள் போகப் போக வேறு ஒன்றாக ஆகிவிட்டது.

'அழிச்சிடுங்க சார்!'

சென்னையிலிருந்து பழைய இசைத்தட்டு வாங்கி விற்கும் வியாபாரி ஒருவர் வந்து பார்த்தார். நல்ல மனிதர். ஒவ்வொரு தட்டையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துக் கீறல் பார்த்தார். எண்பதுகளின் இளையராஜா தட்டுகளுக்கு இப்போது நல்ல கிராக்கி இருக்கிறது என்றார். கீறல் இல்லாதவற்றுக்குச் சராசரியாகத் தட்டுக்கு 250 ரூபாய் தருவதாகச் சொன்னார்.

பென்சில் எழுத்துள்ள உறைகளைப் பார்த்ததும் முகம் மாறியது. "இதுக்கு 80 ரூபாய்தான் சார் தர முடியும். உறையில எழுத்து இருந்தா கலெக்டர்ஸ் வாங்க மாட்டாங்க. நல்ல ரப்பர் இருக்கு, நானே தரேன். மெதுவா அழிச்சிடுங்க. 250 போட்டுக்கலாம்."

அழித்தால் தட்டுக்கு 170 ரூபாய் கூடுதல். அப்படி எழுதப்பட்ட தட்டுகள் 143. கிட்டத்தட்ட 24,000 ரூபாய் வித்தியாசம். ஆயாவின் ஆபரேஷனுக்கு வாங்கிய கைமாற்று இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. சும்மா சொல்லிவிட்டுப் போகிற தொகை இல்லை அது.

தாத்தா இரண்டு நாள் யோசித்தார். பிறகு ஒரு முடிவுக்கு வந்தார். எழுதாத தட்டுகள் வியாபாரிக்கு. எழுதியவை பெங்களூருக்கு. "அவரு சொல்றது அவரு தொழிலுக்கு நியாயம். நான் எழுதினது என் தொழிலுக்கு நியாயம். ரெண்டும் சண்டை போட வேணாம்."

அந்த 143-ல் தாத்தாவின் மனசுக்கு நெருக்கமான எண்பதுகளின் தட்டுகள் எவை? பேரன் கேட்டுக்கொண்டே எடுத்துக் கொடுக்க, அவர் வரிசையாகச் சொல்கிறார்.

1. மூடுபனி (1980)

பாலுமகேந்திரா இயக்கிய படம். இளையராஜாவின் நூறாவது படம். கே.ஜே.யேசுதாஸ் பாடிய கிட்டார் பாட்டுக்காகவே இந்தத் தட்டை வாங்கியவர்கள் உண்டு.

"அதுவரைக்கும் எங்களுக்குத் தபேலா, டோலக்னாத்தான் பாட்டு. குழாய் ஸ்பீக்கர்ல கிட்டார் எடுபடாதுன்னு மாமா சொல்வாரு. இதைப் போட்டதும் பந்தல்ல கோலம் போட்டுக்கிட்டிருந்த பொண்ணுங்க அப்படியே நிமிர்ந்து பார்த்தாங்க. மாமா அதுக்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கல."

2. நிழல்கள் (1980)

பாரதிராஜா படம். கவிஞர் வைரமுத்து சினிமாவுக்கு எழுதிய முதல் பாட்டு இதில்தான். எஸ்.பி.பாலசுப்ரமணியம் பாடியிருப்பார். படம் ஓடவில்லை. தட்டு மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

"படம் ஃபெயிலு, தட்டு பாஸு. அப்படி நிறைய உண்டு. ஜனங்க படத்தை ஒரு தடவ பார்ப்பாங்க. பாட்டை எங்ககிட்டதான வருஷம் பூரா கேட்டாங்க?"

2020 செப்டம்பர் 25 அன்று எஸ்.பி.பி. மறைந்த செய்தி டி.வி.யில் வந்தது. கொரோனா காலம். தெருவில் நடமாட்டமே இல்லை. அன்று சாயங்காலம் வாசல் கதவைத் திறந்துவைத்துவிட்டு, இந்தத் தட்டை இரண்டு தடவை போட்டார் தாத்தா. எதிர் வீட்டுக்காரர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து தன் வாசலிலேயே உட்கார்ந்து கேட்டார். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

3. சகலகலா வல்லவன் (1982)

உறையில் 'செங்கம், 12.9.82' என்று இருக்கிறது. பக்கத்தில் 'ஒன்ஸ்மோர் 7' என்று ஒரு குறிப்பு. கமல்ஹாசன் புத்தாண்டுக்குப் பாடி ஆடும் பாட்டு இதில்தான் இருக்கிறது. நாற்பது வருஷம் தாண்டியும் டிசம்பர் 31 ராத்திரி தமிழ்நாட்டில் அந்தப் பாட்டு ஒலிக்காத தெரு குறைவு.

"டிரம்ஸ், கிட்டார், பித்தளை வாத்தியம், எல்லாம் சேர்ந்து வரும். வெளிநாட்டுல ராக்குன்னு சொல்றான்ல, எங்க ஊருக்கு அது இதுதான். செங்கத்துல தாலி கட்டுற நேரம் வரைக்கும் 'இன்னொரு தடவ போடு'னு பசங்க விடலை. ஐயர் வந்து சத்தம் போட்டுட்டுப் போனாரு."

இந்தத் தட்டின் அந்த ஒரு பாட்டு மட்டும் வெளுத்துப் போயிருக்கிறது. ஊசி அங்கே போனதும் சத்தம் கரகரக்கிறது. கூர்ந்து பார்த்தால் கண்ணுக்கே தெரிகிறது, கறுப்பில் ஒரு சாம்பல் வளையம்.

4. பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ் (1985)

இது எப்படி மைக் செட்காரர் வீட்டுக்கு வந்தது? ரமணாஸ்ரமம் பக்கம் வாடகைக்குத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர், ஊருக்குத் திரும்பும்போது சுமை குறைக்க மூன்று தட்டுகளைக் கொடுத்துவிட்டுப் போனார். அதில் ஒன்று டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் குழுவின் இந்த ஆல்பம். இன்னொன்று யூ2 குழுவின் 'தி ஜோஷுவா ட்ரீ' (1987).

"இங்கிலீஷ் புரியலை. கிட்டார் புரிஞ்சுது" என்கிறார் தாத்தா. டயர் ஸ்ட்ரெய்ட்ஸின் மார்க் நாஃப்ளர், கிட்டார் கம்பியைத் தட்டப் பயன்படுத்தும் சின்ன வில்லையை வைத்துக்கொள்ளாமல், விரலாலேயே மீட்டுபவர். அதனால் அந்தச் சத்தத்தில் ஒரு மென்மை இருக்கும். வீணை கேட்ட காதுக்கு அது சட்டென்று பிடிபட்டுவிடும்.

இந்த ஆல்பத்தில் இன்னொரு சங்கதி இருக்கிறது. சி.டி. காலம் தொடங்கும் நேரத்தில், டிஜிட்டலில் பதிவான ஆல்பம் இது. உலகத்தில் முதன்முதலாகப் பத்து லட்சம் சி.டி. விற்ற ஆல்பமும் இதுதான். சி.டி.யில் இடம் அதிகம். இசைத்தட்டில் அவ்வளவு இடமில்லை. அதனால் தட்டில் வந்தபோது சில பாட்டுகளைக் குறுக்கிவிட்டார்கள். போனில் அதே பாட்டைப் போட்டுக் காட்டிய பேரன்தான் அதைக் கண்டுபிடித்தான். "தாத்தா, உன் தட்டுல பாட்டு சீக்கிரம் முடிஞ்சுபோகுது!"

முப்பது வருஷமாக அந்தப் பாட்டு அவ்வளவுதான் என்று நினைத்திருந்தார் தாத்தா. முழுப் பாட்டையும் அன்றுதான் முதல்முறை கேட்டார், பேரனின் இயர்போனில்.

கல்யாணத்தில் போடவே முடியாத இந்தத் தட்டிலும் ஒரு பென்சில் குறிப்பு இருக்கிறது. 'வீட்டில், தீபத்தன்று. மொட்டை மாடி.'

5. புன்னகை மன்னன் (1986)

கே.பாலசந்தர் படம். தீபாவளிக்கு வந்தது. வாத்தியக்காரர்கள் கையால் வாசிப்பதோடு, கம்ப்யூட்டர் வழியாகவும் தாளத்தைக் கோத்து இசையமைத்த ஆரம்பகாலத் தமிழ்ப் படங்களில் முக்கியமானது. அப்போது திலீப் என்ற பெயரில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்த இளைஞர் ஒருவரும் இதில் வேலை பார்த்தார். பிற்பாடு உலகம் அவரை ஏ.ஆர்.ரஹ்மான் என்று தெரிந்துகொண்டது.

"சத்தம் வேற மாதிரி இருந்துச்சு. ஆம்ப்ளிஃபையர்ல ஏதோ கோளாறுன்னு நெனச்சுத் திறந்து பார்த்தேன்னா பாத்துக்கோயேன்!"

6. ஹவ் டு நேம் இட் (1986)

சினிமா இல்லாத இளையராஜா ஆல்பம். நம் தியாகராஜருக்கும், ஜெர்மனியின் ஜே.எஸ்.பாக்குக்கும் சமர்ப்பணம் செய்திருந்தார். வயலின் வாசித்தவர் வி.எஸ்.நரசிம்மன். 2025 மார்ச் 8 அன்று லண்டனில் இளையராஜாவின் 'வேலியண்ட்' சிம்பொனி அரங்கேறியபோது, அவரின் மேற்கத்திய இசைப் பயணத்தைப் பற்றி எழுதியவர்கள் பலர் திரும்பிப் பார்த்த ஆல்பம் இது.

"ராஜா ரமணர் பக்தர், நம்ம ஊருக்கு வந்து போறவரு. அதனால ஒரு பாசத்துல வாங்கினேன். பாட்டே இல்லாத தட்டை எந்தக் கல்யாணத்துல போடுறது? ஒரே ஒரு தடவ போளூர்ல, சாப்பாட்டுப் பந்தி நேரத்துல போட்டேன். பொண்ணோட அப்பா ஓடி வந்து, 'பாட்டு எப்பப்பா வரும்?'னு கேட்டாரு."

அந்தக் கேள்வியும் உறையில் எழுதப்பட்டிருக்கிறது.

ஒரு தட்டு எப்படிப் பாடுகிறது?

போனில் பாட்டுக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இசைத்தட்டு ஒரு மாயம்போல் இருக்கும். அடிப்படை ரொம்ப எளிது.

தட்டின் ஓரத்திலிருந்து நடுப்பகுதி வரை சுருள் சுருளாக ஒரே ஒரு நீளமான பள்ளம் ஓடுகிறது. அந்தப் பள்ளத்தின் சுவர் சத்தத்துக்கு ஏற்ப நெளிந்திருக்கும். ஊசி அந்த நெளிவில் அசைகிறது. அந்த அசைவு மின்சாரமாகி, ஆம்ப்ளிஃபையரில் பெருகி, ஸ்பீக்கரில் பாட்டாகிறது.

பள்ளம் 'வி' வடிவத்தில் இருக்கும். ஸ்டீரியோ தட்டில் ஒரு பக்கச் சுவரில் இடது காதுக்கான சத்தம், மறுபக்கச் சுவரில் வலது காதுக்கானது. தமிழ் சினிமாவில் முதன்முதலாக ஸ்டீரியோ முறையில் பாடல் பதிவான படம் என்று சொல்லப்படுவது 1978-ல் வந்த 'பிரியா'. அந்தத் தட்டை நூறு கல்யாணங்களிலாவது போட்டிருப்பார் தாத்தா. ஆனால், குழாய் ஸ்பீக்கருக்கு இடதும் தெரியாது, வலதும் தெரியாது. பல வருஷம் கழித்து வீட்டில் இரண்டு நல்ல ஸ்பீக்கர் வைத்து அதே தட்டைப் போட்டபோதுதான், வாத்தியங்கள் அறையின் இரண்டு பக்கமும் பிரிந்து நிற்பது தெரிந்தது. "நான் வித்த சரக்கு என்னன்னு எனக்கே அன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

எல்.பி. நிமிடத்துக்கு 33 முழு சுற்றும் மூன்றில் ஒரு பங்கும் சுற்றும். 12 அங்குல அகலம். ஒரு பக்கத்துக்கு 20 நிமிடத்துக்கு மேல் பாட்டு பிடிக்கும். ஈ.பி. 45 சுற்று. பழைய 78 சுற்றுத் தட்டில் பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிடம்தான். அந்த 78 தட்டுகள் அரக்கு கலந்து செய்யப்பட்டவை. உலகம் முழுக்கப் பாடிய அந்தத் தட்டுகளுக்கு அரக்கு பெரும்பாலும் நம் இந்தியக் காடுகளிலிருந்துதான் போனது. கீழே விழுந்தால் அப்பளம்போல் நொறுங்கும். பின்னால் வந்த எல்.பி., வினைல் எனும் பிளாஸ்டிக்கில் ஆனது. விழுந்தால் உடையாது, வெயில் பட்டால் வளையும்.

தாத்தா அனுபவத்தில் கண்ட இன்னொரு விஷயம், தட்டின் கடைசிப் பாட்டு எப்போதும் கொஞ்சம் மங்கலாகக் கேட்கும் என்பது. அதற்கும் காரணம் இருக்கிறது. தட்டு ஒரே வேகத்தில் சுற்றினாலும், ஓரத்தில் வட்டம் பெரியது, உள்ளே சின்னது. ஓரத்தில் ஊசிக்குக் கீழே நொடிக்குச் சுமார் 50 சென்டிமீட்டர் பள்ளம் ஓடினால், உள்ளே சுமார் 20 சென்டிமீட்டர்தான் ஓடும். அதே சத்தத்தைக் குறைந்த இடத்தில் நெருக்கி எழுத வேண்டும். அதனால் கூர்மை குறையும்.

"அதான் நான் ஹிட்டு பாட்டு கடைசியில இருந்தா, பொண்ணு வீட்டுக்காரங்க கிட்ட முன்னாடியே சொல்லிடுவேன்."

கேசட் வந்தது, டிரங்குப் பெட்டி மூடியது

எண்பதுகளின் நடுவிலேயே கேசட் உள்ளே வந்துவிட்டது. ஊருக்கு ஊர் ரெக்கார்டிங் சென்டர் முளைத்தது. பிடித்த பாட்டுகளை வரிசையாக ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், 60 நிமிடம் அல்லது 90 நிமிடக் கேசட்டில் பதிந்து கொடுப்பார்கள். அந்தப் பாட்டெல்லாம் பெரும்பாலும் எல்.பி.யிலிருந்துதான் இறங்கும். தாத்தாவும் சீசன் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் அந்த வேலையைச் செய்திருக்கிறார்.

1989 செப்டம்பரில் வடஆற்காடு பிரிந்து திருவண்ணாமலை தனி மாவட்டமானது. வேங்கிக்கால் பக்கம் இன்றைக்குக் கலெக்டர் ஆபீஸ், வீட்டு மனை, ஹோட்டல் என்று ஆகிவிட்டது. அந்த மாற்றமெல்லாம் தொடங்கிய நேரத்தில்தான், அவருடைய டிரங்குப் பெட்டி வீட்டோடு தங்கியது. 'ரோஜா' பாட்டுகளை அவர் கேசட்டில்தான் வாங்கினார். பிறகு சி.டி., பிறகு பென் டிரைவ். 2012-ல் செட்டையே விற்றுவிட்டார்.

இருபது வருஷம் குழாய் ஸ்பீக்கருக்குக் கீழே நின்றதற்குக் காது கொடுத்த விலையும் உண்டு. வலது காதில் மெல்லிய, கூர்மையான சத்தங்கள் இப்போது விழுவதில்லை. ஊசியின் கரகரப்பு, ஜால்ரா, வயலினின் உச்சம் எல்லாம் போய்விட்டன. "வயலின் எங்க வரும்னு எனக்குத் தெரியும். அந்த இடம் வந்ததும் மனசுக்குள்ள வாசிச்சுக்குவேன்" என்று சிரிக்கிறார். அதனால்தான் ஊசி சத்தம் கேட்கப் பேரன்.

இயர்போனில் முழு வால்யூம் வைத்துக் கேட்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். உரத்த சத்தத்தால் போன கேட்கும் திறன் திரும்பி வராது.

'போன்லயே இருக்கே தாத்தா?'

பேரன் கேட்ட முக்கியமான கேள்வி ஒன்று. "எல்லாப் பாட்டும் போன்லயே இருக்கே தாத்தா. இதை எதுக்குத் தூக்கிட்டு வரணும்?"

இசைத்தட்டுப் பிரியர்கள் பலர் இதற்கு, 'தட்டில்தான் சத்தம் உயிரோடு இருக்கும்' என்று பதில் சொல்வார்கள். அமெரிக்காவில் 2022-ல் சி.டி.யைவிட வினைல் தட்டுகள் எண்ணிக்கையில் அதிகம் விற்றன. 1987-க்குப் பிறகு அப்படி நடந்தது அதுதான் முதல்முறை. வாங்கியவர்களில் இளைஞர்களும் ஏராளம்.

தாத்தா அப்படிச் சொல்லவில்லை. "உன் போன்ல சத்தம் சுத்தமா இருக்கு. நான் பொய் சொல்ல மாட்டேன். இதுல கரகரப்பு, கீறல், தேய்மானம் எல்லாம் இருக்கு. ஆனா உன் போன்ல இருக்கிற பாட்டு, செங்கத்துல ஏழு தடவ ஒன்ஸ்மோர் வாங்கினது அதுக்குத் தெரியுமா?"

பேரன் அந்தச் சாம்பல் வளையத்தை விரலால் தொடப் போனான். "தொடாத. விரல்ல எண்ணெய் இருக்கும்" என்று தடுத்தார்.

வீட்டில் பழைய தட்டு இருக்கிறதா?

பரணில் தாத்தா, பாட்டி காலத்து இசைத்தட்டுகள் வைத்திருப்பவர்களுக்கு மைக் செட்காரர் சொல்லும் யோசனைகள்:

* ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். புத்தகம்போல் நேராக நிமிர்த்தி வையுங்கள். சாய்ந்தபடி இருந்தாலும் வளையும்.

* மொட்டை மாடி ஷீட் அறை, ஜன்னல் வெயில் படும் இடம் இரண்டும் ஆகாது. திருவண்ணாமலை சித்திரை வெயிலுக்கு ஒரே நாள் போதும், தட்டு வடைச் சட்டிபோல் வளைந்துவிடும்.

* ஓரத்தையும் நடு லேபிளையும் மட்டும் பிடியுங்கள். பள்ளத்தில் விரல் படக் கூடாது.

* தூசிக்கு மெல்லிய பிரஷ். அழுக்கு அதிகம் என்றால், பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் நனைத்த மெல்லிய துணியால், பள்ளம் ஓடும் போக்கிலேயே துடைக்கலாம். குறுக்கே தேய்க்கக் கூடாது. லேபிளில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

* அரக்கில் ஆன 78 தட்டில் ஸ்பிரிட், ஆல்கஹால் எதுவும் படக் கூடாது. அரக்கு கரைந்துவிடும்.

* தேய்ந்த ஊசியால் நல்ல தட்டைப் போடாதீர்கள். தட்டைக் கெடுப்பது தூசியைவிடப் பழைய ஊசிதான்.

* விற்பதற்கு முன் உறையின் உள்ளே ஒரு தடவை பாருங்கள். யாராவது ஏதாவது எழுதி வைத்திருப்பார்கள்.

144

வியாபாரி வருவதற்கு முந்தின நாள். எழுதாத தட்டுகள் 469-ம் அட்டைப் பெட்டிகளில் அடுக்கியாகிவிட்டது. கடைசிப் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டப்போன நேரத்தில் ஆயா கைத்தடியை ஊன்றிக்கொண்டு அறைக்குள் வந்தார்.

"அந்தக் காருகுறிச்சி தட்டு எங்க?"

காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரம். 45 சுற்று ஈ.பி. பெட்டியில் இருந்தது.

"அதுல எழுத்து ஒண்ணும் இல்லையே? எழுதாதது எல்லாம் அவருக்குத்தான்னு பேச்சு" என்றார் தாத்தா.

"எப்படி எழுதியிருப்பீங்க? அன்னிக்கு நீங்க மணவறையில இல்ல உக்காந்திருந்தீங்க?"

பேரனுக்குப் புரியவில்லை. ஆயாதான் சொன்னார். ஊருக்கெல்லாம் பாட்டுப் போட்ட மைக் செட்காரர் தன் கல்யாணத்தில் மாப்பிள்ளை. அன்றைக்கு பிளேயரைப் பார்த்துக்கொண்டது புதுசாகச் சேர்ந்த உதவிப் பையன். விடியற்காலை பதற்றத்தில் 45 தட்டைப் போட்டு வேகத்தை 33-ல் விட்டுவிட்டான். மங்கல நாதஸ்வரம் இழுத்து இழுத்து, அழுவதுபோல் ஊர் முழுக்கக் கேட்டிருக்கிறது. பெண் வீட்டுக் கிழவி ஒருத்தி, 'யாருக்கு என்ன ஆச்சு?' என்று ஓடி வந்துவிட்டாள். மாப்பிள்ளை வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு மணவறையிலிருந்து எழுந்து ஓடி, வேகத்தை மாற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"எங்கப்பா சொன்னாரு, 'தொழில் தெரிஞ்ச பையன், பரவால்ல'னு" என்றார் ஆயா.

தாத்தா சிரிக்கவில்லை. பெட்டியைப் பிரித்து அந்தச் சின்னத் தட்டை வெளியே எடுத்து வைத்தார். அலமாரியின் மூலையில் கிடந்த பென்சிலை எடுத்தது ஆயாதான். உறையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு, கை நடுங்க மெதுவாக எழுதினார்.

'27.5.84. மெதுவா பாடினது.'

மறுநாள் வியாபாரியின் வண்டியில் 468 தட்டுகள் ஏறின. பெங்களூருக்கு 144.